குற்றம் சுமத்தப்படாத நகரம்

கி.மு. 2004 வாக்கில் உர் நகரம் வீழ்ந்தது. கிழக்கே மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த எலாமியப் படை மதிலைத் தாண்டி உள்ளே புகுந்தது. கோயில்கள் சூறையாடப்பட்டன. அரசன் இப்பி-சின் கைதியாக எலாமுக்குக் கொண்டுபோகப்பட்டான். அவன் திரும்பி வந்ததாக எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. தெற்கு மெசபடோமியாவைச் சுமார் நூறாண்டு ஆண்ட அரசு அவனோடு முடிந்தது.

ஒரு நகரம் இப்படி அழிந்தால், பிழைத்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: என்ன பாவம் செய்தோம்? வெள்ளமோ கொள்ளைநோயோ படையெடுப்போ, எது வந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வந்துவிடுகிறது. பதில் சொல்லவும் யாராவது தயாராக இருப்பார்கள். ஒழுக்கம் கெட்டது, வழிபாடு குறைந்தது, தெய்வம் தண்டித்தது என்பார்கள். இறந்தவர்களால் மறுத்துப் பேச முடியாது என்பதால் இந்தப் பதில் எளிதாக நிலைத்தும் விடும்.

உர் நகரத்துக்காக அழுதவர்கள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் சொன்னது, இந்த நகரம் ஒரு தவறும் செய்யவில்லை என்பதுதான்.

அதைச் சொல்வது சுமேரிய மொழியில் எழுதப்பட்ட ஒரு நெடும் புலம்பல் பாட்டு. நானூறு வரிகளுக்கும் மேல் நீளும் அந்தப் பாட்டு பதினொரு பகுதிகள் கொண்டது. பழைய நிப்பூர் நகரத்துப் பள்ளிகளில் எழுத்துப் பழகிய மாணவர்கள் பிரதி எடுத்த களிமண் பலகைகள் வழியாகவே பெரும்பாலும் அது நமக்கு வந்து சேர்ந்தது. பல அருங்காட்சியகங்களில் துண்டு துண்டாகக் கிடந்த அந்தப் பலகைகளைப் பொருத்திப் பார்த்து, 1940-ல் சாமுவேல் நோவா கிரேமர் அதைப் பதிப்பித்தார். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு பாட்டு உர் நகரத்தோடு சுமேர் நாடு முழுவதற்குமாக அழுகிறது. எரிது, உருக், நிப்பூர் ஆகிய நகரங்களுக்கும் இத்தகைய பாட்டுகள் உண்டு.

உர் புலம்பலின் தொடக்கத்தில் தெய்வங்கள் ஒவ்வொருவராகத் தம் கோயிலை விட்டு வெளியேறுகிறார்கள். படை வருவதற்கு முன்பே கருவறைகள் காலியாகிவிடுகின்றன. பிறகு தெய்வங்களின் தலைவனான என்லில் ஒரு புயலை அழைக்கிறான். அந்தப் புயலும் எதிரிப் படையும் பாட்டில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது காற்று, எது ஆள் என்று பிரிக்க முடியவில்லை. வாயில்களிலும், திருவிழா நடந்த தெருக்களிலும் பிணங்கள் கிடக்கின்றன. இத்தனையும் சொல்கிற பாட்டு, நகரத்தார் செய்த குற்றம் என்று ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை.

சுமேர் நாட்டுக்கான இரண்டாவது பாட்டில் இது இன்னும் தெளிவாக வருகிறது. உர் நகரத்தின் உரிமையாளனான சந்திர தெய்வம் நன்னா, தன் தந்தை என்லிலிடம் போய், என் நகரம் உனக்கு என்ன செய்தது என்று முறையிடுகிறான். என்லிலின் பதிலில் பழி இல்லை. தெய்வ சபை எடுத்த முடிவை மாற்ற முடியாது. உர் நகரத்துக்கு அரசுரிமை தரப்பட்டது உண்மை, ஆனால் அது என்றென்றைக்கும் உரியது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உலகில் எந்த ஆட்சிதான் நிலைத்தது? அந்தப் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

குற்றமும் தண்டனையும் என்ற கணக்கு சுமேரியர்களுக்குத் தெரியாமல் போனதால் இப்படிப் பாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உர் நகரத்துக்கு முன்பு கோலோச்சிய அக்காத் பேரரசின் அழிவைப் பற்றி அவர்களிடமே ஒரு காவியம் இருந்தது. அக்காத் அரசன் நராம்-சின் ஆணவத்தால் நிப்பூரில் இருந்த என்லில் கோயிலை இடித்தான், அதனால் மலைவாசிகளான குத்தியர்களை ஏவி என்லில் அவன் நகரத்தை அழித்தான் என்பது அதன் கதை. அதன் மிகப் பழைய பிரதிகள் உர் அரசர்களின் காலத்தைச் சேர்ந்தவை. வரலாற்றில் நராம்-சின் அந்தக் கோயிலைத் திருப்பணி செய்தவன். அக்காத் சரிந்ததும் அவன் இறந்த பிறகுதான். வீழ்ந்தவன் மீது பொய்ப்பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட கதை கையில் இருந்தும், தங்கள் சொந்த நகரத்துக்கு அழுதபோது அதன் பாதையில் போகாமல் இருந்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

பதினான்கு நூற்றாண்டு கழித்து, கி.மு. 586 வாக்கில், பாபிலோனியப் படை எருசலேமை எரித்தது. அந்த நகரத்துக்கும் ஒரு புலம்பல் நூல் உண்டு. விவிலியத்தில் இடம்பெற்ற ஐந்து பாடல்கள் கொண்ட நூல் அது. அதில் தெருவில் மயங்கி விழும் குழந்தைகளுக்கான கண்ணீர் உர் பாட்டின் கண்ணீருக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் அங்கே பாவ அறிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. இதற்குக் காரணம் அந்தக் கவிஞர்களின் கடுமை என்று சொல்வது நியாயமாகாது. அவர்களுடைய இறைநம்பிக்கையின் அமைப்பிலேயே இந்த நெருக்கடி இருந்தது. உர் நகரத்தாருக்குத் தெய்வங்கள் பலர். அவர்களுள் தங்கள் நகரத்துத் தெய்வம் சபையில் தோற்றுப்போகலாம், நல்லவனாகவும் இருக்கலாம், கையறுநிலையில் அழவும் செய்யலாம். ஒரே கடவுள், அவர் எல்லாம் வல்லவர், நீதியும் உள்ளவர் என்று நம்பத் தொடங்கியபின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கடவுள் தோற்றார் என்று சொல்ல முடியாது. அநீதி செய்தார் என்றும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பவர்கள் மனிதர்கள் மட்டும்தான். பழி அவர்கள் தலையில் வந்து விழுகிறது. அதே விவிலியத்திலுள்ள யோபுவின் நூல் இதை எதிர்த்துத்தான் அத்தனை உரக்கப் பேசுகிறது.

ஏகத்துவ மரபுகள் மூன்றும் தங்கள் தந்தையாகக் கொண்டாடும் ஆபிரகாம் இந்த நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது இங்கே நினைக்கத்தக்கது. ஆதியாகமத்தின்படி அவர் குடும்பம் கல்தேயரின் உர் என்ற நகரத்திலிருந்து கிளம்பி ஆரானில் தங்கியது. அந்த உர் இதுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்த உர், ஆரான் இரண்டுமே சந்திர வழிபாட்டின் பெருந்தலங்களாக இருந்தவை. குர்ஆனில் இப்ராஹீம் ஒரு விண்மீனையும் நிலவையும் கதிரவனையும் பார்த்து, மறைந்துபோகிறவற்றைத் தன்னால் இறைவனாக ஏற்க முடியாது என்று விலகுகிறார். மறையும் நிலவை வணங்கிய நகரத்தின் வேதனைக்கு முற்றிலும் வேறான விடை அது: நகரத்தோடு அழியாத, நகரத்துக்குள் அடங்காத இறைவனைத் தேடிப் போவது. 2021 மார்ச் 6 அன்று போப் பிரான்சிஸ் இந்த இடிபாடுகளுக்கு அருகே பல சமயத்தாரோடு கூடிப் பிரார்த்தித்ததற்கும் ஆபிரகாமின் பெயரே காரணம்.

அப்படி எதை இழந்தார்கள் உர் மக்கள்? இன்று தெற்கு ஈராக்கில் நாசிரியா நகரத்துக்கு அருகே, தெல் எல்-முகய்யர் என்ற மேட்டில் நின்று பார்த்தால் சுற்றிலும் வறண்ட சமவெளி. யூப்ரடீஸ் ஆறு சுமார் 16 கி.மீ. தள்ளி ஓடுகிறது. அன்றோ ஆற்றின் கிளை நகர மதிலை ஒட்டியே ஓடியது, கடலும் இன்றைவிட அருகில் இருந்தது, நகரத்துக்குத் துறைமுகங்கள் இருந்தன. மண்ணும் நாணலும் பேரீச்சையும் வாற்கோதுமையும் ஆட்டுமயிரும் தவிர வேறெதுவும் இல்லாத நிலம் அது. கல்லோ மரமோ உலோகமோ கிடையாது. ஓமான் பக்கத்துச் செம்பு, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய நீலக்கல், சிந்துவெளியின் சூதுபவள மணி என எல்லாம் வெளியிலிருந்தே வந்து சேர்ந்தன. ஆறுதான் நகரம்.

1922 முதல் 1934 வரை இங்கே அகழ்ந்த லியனார்ட் வூலி ஏறக்குறைய 1,850 கல்லறைகளைக் கண்டார். அவற்றில் 16-ஐ அரச கல்லறைகள் என்று அழைத்தார். கி.மு. 2600-2500 காலத்தைச் சேர்ந்த அவற்றில் ஒன்றில், அணிகலன் பூண்ட 74 பேர் வரிசையாகக் கிடந்தார்கள். 68 பேர் பெண்கள். தம் தலைவரோடு சாகவேண்டும் என்பதற்காக இறக்கப்பட்ட பணியாளர்கள். அவர்கள் மனமுவந்து நஞ்சு அருந்தினார்கள் என்று வூலி கருதினார். பின்னாளில் சில மண்டை ஓடுகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, தலையில் பலமாகத் தாக்கப்பட்டு இறந்த அடையாளங்கள் தெரிந்தன. உர் நகரத்தின் மீது பாவம் சுமத்தவேண்டும் என்று யாராவது விரும்பியிருந்தால் இதைவிடக் கனமானது கிடைத்திருக்காது. ஆனால் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் குழியைப் புலம்பல் பாடியவர்கள் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. தெய்வ தண்டனை பேசுகிறவர்கள் தேடும் பாவமும் பெரும்பாலும் இப்படிப்பட்டதாக இருப்பதில்லை. கோயிலுக்கு வராதவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

வீழ்ந்த அரசின் நிறுவனர் உர்-நம்மு. இன்றும் நிற்கும் சிகுராத் கோபுரத்தைச் சுமார் 64 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்ட அடித்தளத்தின் மேல் நன்னாவுக்காக எழுப்பியவன் அவன்தான். இதுவரை கிடைத்த சட்டத் தொகுப்புகளில் மிகப் பழையதும் அவன் பெயரில் உள்ளது. உடற்காயத்துக்குக் கண்ணுக்குக் கண் கேட்காமல் வெள்ளியில் இழப்பீடு விதித்த சட்டம் அது; விதவையையும் அனாதையையும் வலியவர்களிடமிருந்து காப்பதாக அதன் முன்னுரை அரசனைப் பெருமைப்படுத்தியது. அவன் மகன் ஷுல்கி தன்னையே தெய்வமாக அறிவித்துக்கொண்டான். அவர்களுடைய எழுத்தர்கள் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட விடாமல் கணக்கு எழுதினார்கள். நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். ஆணுக்கு மாதம் சுமார் 60 லிட்டர், பெண்ணுக்கு 30 லிட்டர் வாற்கோதுமை என்பது வழக்கமான படி. அந்தப் படி அளக்கப்படும் வரைதான் அரசு அரசாக இருந்தது.

அது அளக்க முடியாமல் போன கதை கணக்குப் பலகைகளிலேயே தெரிகிறது. மாகாணங்கள் அரசன் ஒவ்வோர் ஆண்டுக்கும் சூட்டிய பெயரை இட்டுத்தான் ஆவணம் எழுதவேண்டும். இப்பி-சின் பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே எஷ்னுன்னாவில், சூசாவில், லகாஷில், உம்மாவில் அந்தப் பெயர் எழுதப்படுவது ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகிறது. மேய்ச்சல் குடிகளான அமோரியர்களைத் தடுக்க அவன் முன்னோன் ஷு-சின் எழுப்பிய நெடுஞ்சுவர் பயன்படவில்லை. உர் நகரத்தில் தானிய விலை பல மடங்கு ஏறியது. தொடர்ந்த பாசனத்தால் நிலம் உவர்ப்பாகிக் கோதுமை விளைச்சல் படிப்படியாகக் குறைந்ததையும் இதற்குக் காரணமாக 1958-ல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் முன்வைத்தார்கள். அதைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் இஷ்பி-எர்ரா வருகிறான். இப்பி-சின்னின் அதிகாரி அவன். 20 தாலந்து வெள்ளி, அதாவது ஏறத்தாழ 600 கிலோ, கொடுத்துத் தானியம் வாங்கிவர அரசன் அவனை வடக்கே அனுப்பினான். அவன் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் பிற்காலப் பள்ளிப் பிரதிகளில் கிடைத்திருக்கிறது. எனவே சொல்லுக்குச் சொல் நம்பிவிட முடியாது. அதன்படி அவன் 72,000 குர் (குர் என்பது அக்காலத் தானிய அளவை) தானியம் வாங்கி இசின் நகரத்துக்குள் சேர்த்துவிட்டான். அமோரியர்கள் நாட்டுக்குள் புகுந்துவிட்டதால் கொண்டுவர இயலவில்லை, ஒவ்வொன்றும் 120 குர் ஏற்றும் 600 படகுகளை அரசன் அனுப்பவேண்டும் என்கிறான். கூடவே, இசினையும் நிப்பூரையும் காக்கும் பொறுப்பைத் தனக்கே தரும்படி கேட்கிறான். தலைநகரம் பசியில் கிடக்க, தானியம் இசினில் இருந்தது. சில ஆண்டுகளில் இஷ்பி-எர்ரா இசினின் அரசனாகிவிட்டான். உர் வீழ்ந்தபின் அங்கே தங்கியிருந்த எலாமியரை விரட்டியவனும் அவன்தான். அவன் மகன் ஷு-இலிஷு, பகைவர் அன்ஷானுக்குத் தூக்கிச்சென்ற நன்னாவின் திருவுருவை மீட்டு உர் நகரத்துக்குக் கொண்டுவந்ததாகக் கல்வெட்டில் பெருமை பேசுகிறான்.

புலம்பல் பாட்டுகள் எழுந்தது இந்த இசின் அரசர்களின் காலத்தில் என்பதே அறிஞர்களின் பொதுவான முடிவு. நிப்பூருக்கான பாட்டு, இசின் அரசன் இஷ்மே-தகானைப் பெயர் சொல்லியே வாழ்த்துகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் என்லிலின் பதிலைப் படித்தால் மனம் உறுத்துகிறது. எந்த ஆட்சியும் நிலைப்பதில்லை என்பது துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல். அதுவே, தானியத்தைத் தன் மதிலுக்குள் வைத்துக்கொண்ட அதிகாரியின் வாரிசுகளுக்குப் பாதுகாப்பு. நகரத்தின் மீது குற்றம் இல்லை என்பது நியாயமான சொல். யார் மீதுமே குற்றம் இல்லை என்பது அப்படியல்ல. பாட்டு முதலாவதைச் சொல்லும்போதே, ஓசைப்படாமல் இரண்டாவதையும் சொல்லிவிடுகிறது. பேரழிவுகளை விதி என்று ஏற்றுக்கொள்ளும் எந்தச் சமயச் சிந்தனையும் இந்தச் சிக்கலுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: பாதிக்கப்பட்டவர்களை விடுவிக்கும் அதே வாக்கியம், பொறுப்பாளிகளையும் விடுவித்துவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பாட்டை வெறும் அரசவைத் தந்திரம் என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் மையத்தில் இருப்பவள் நிங்கல். நன்னாவின் மனைவி, நகரத்தின் தாய்த்தெய்வம். பெண்தெய்வங்களும் புலம்பல் பூசகர்களும் பேசும் எமெசல் என்ற தனிப் பேச்சு வழக்கில் அவள் அழுகிறாள். தெய்வ சபையில் வான்தெய்வமான அன் முன்பும் என்லில் முன்பும் போய் நின்று, என் நகரத்தை அழிக்காதீர்கள் என்று கேட்கிறாள். மறுக்கிறார்கள். மறுபடியும் போய்க் கேட்கிறாள். மறுபடியும் மறுக்கிறார்கள். அவள் எந்த இடத்திலும் முடிவை நியாயம் என்று ஒப்புக்கொள்வதில்லை, பாவமன்னிப்பும் கேட்பதில்லை. ஆட்சிகள் மாறும் என்ற தத்துவம் அவளைத் தொடவே இல்லை. அவள் வீடு போய்விட்டது, அவ்வளவுதான். துயரப்படுகிறவருக்கு விளக்கம் தேவையில்லை, முறையிடும் உரிமைதான் தேவை என்பதை அவள் வழியாக யாரோ ஒரு பெயர் தெரியாத கவிஞர் எழுதிவைத்திருக்கிறார். அரசர்களின் தேவைக்கு மீறிய வரிகள் அவை.

நகரம் அத்தோடு முடிந்துவிடவில்லை. மீண்டும் கட்டப்பட்டது, வணிகம் தழைத்தது. மீண்டும் அழிந்தது, மீண்டும் எழுந்தது. கடைசியாக அதை ஆசையோடு புதுப்பித்தவன் பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதஸ் (கி.மு. 556-539). சந்திர தெய்வத்தின் மீது அவனுக்கு அளவற்ற பக்தி. அக்காத் சர்கோனின் மகள் என்ஹெதுவான்னா தொடங்கி அரச குமாரிகள் வகித்துவந்த தலைமைப் பூசாரிப் பதவி வழக்கொழிந்து கிடந்தது. தன் மகளை அதில் அமர்த்தி அதற்கு உயிர்கொடுத்தான். சிகுராத்தைப் பழுதுபார்த்து, அதன் மூலைகளில் எழுத்துப் பொறித்த களிமண் உருளைகளைப் புதைத்தான். 1854-ல் ஜே.ஜி. டெய்லர் அவற்றைத் தோண்டி எடுத்தார். தன் மூத்த மகன் பெல்ஷாத்சர் உள்ளத்தில் தெய்வ பயம் நிலைக்கவும், அவன் குற்றம் செய்யாதிருக்கவும் அருள வேண்டும் என்பது அதிலுள்ள வேண்டுதல்களில் ஒன்று. பழைய புலம்பலில் இல்லாத கவலை இங்கே வந்துவிட்டது. மகன் தவறினால் ராஜ்யம் போய்விடும் என்று தகப்பன் அஞ்சுகிறான்.

ராஜ்யம் போகத்தான் செய்தது. கி.மு. 539-ல் பாரசீகத்தின் சைரஸ் பாபிலோனைப் பிடித்தான். அவன் பெயரிலுள்ள புகழ்பெற்ற களிமண் உருளை, நபோனிதஸ் வழிபாட்டைக் குலைத்ததால் மர்துக் தெய்வம் சினந்து சைரஸைத் தேர்ந்தெடுத்தது என்கிறது. இசின் அரசர்களுக்கு முந்தைய ஆட்சி குற்றமற்றதாக இருப்பது வசதி, சைரஸுக்கு அது குற்றம் புரிந்ததாக இருப்பது வசதி. தெய்வத்தின் மனதில் இருந்ததாக இரண்டு விதமாகவும் எழுதப்பட்டது. எழுத வைத்தவர்கள் இருமுறையும் வென்றவர்கள். அதே சைரஸின் முத்திரை பதித்த செங்கற்கள் உர் நகரத்தின் கோயில் வளாகத்திலும் கிடைத்திருக்கின்றன.

அதன்பின் யூப்ரடீஸ் விலகிப் போனது. படை எதுவும் வரவில்லை. கால்வாய்கள் தூர்ந்தன, துறைமுகங்கள் மணலாயின, குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு இடம் தேடிப் போயின. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில் உர் நகரத்தில் எழுதப்பட்ட பலகைகள் கிடைப்பதே நின்றுவிடுகிறது. நகரம் நிரந்தரமாக அழிந்தது இந்த முறைதான். இந்த அழிவுக்கான புலம்பல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. சுமேரிய மொழி பேச்சு வழக்கிலிருந்து மறைந்து அப்போது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்து அரியணை ஏறித் தன் உரிமையை விளக்கவேண்டிய அரசன் ஒருவனும் அங்கே இல்லை.